எண்ணெய் பூசிய சிப்பிக் கல்

நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தேன் என்று கேளுங்கள். எங்கள் மலையூர் கம்போங் ராஜாவில் நிற்கிற இரண்டு மாடிக் கடைவீடு நான் எழுப்பியது. மூன்று மண்வாரி இயந்திரங்கள் நான் வாங்கியவை. கிளந்தான் பக்கம் இறங்கும் சாலையிலிருந்து மலையை அறுத்துக் கிளைப்பாதை போட்டவனும் நான்தான். கொழுந்து கிள்ளுகிறவள் மகனுக்கு இதெல்லாம் ஆகாது என்றார் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. ஆயிற்று.

அந்தப் பாதை வெட்டும்போதுதான் அந்தக் கல் வந்தது. கறுத்த பலகைக் கல். அதன்மேல் விசிறி விசிறியாகச் சிப்பிகள். மலைக்குள் கடல் சிப்பி! கீழே கல்லுடைக்கும் இயந்திரம் காத்திருந்தது. பெரிய கான்ட்ராக்டரின் ஆட்கள் கண்ணில் பட்ட கல்லையெல்லாம் அதற்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உடைக்காதே என்றால் கேட்கிற கூட்டமா அது? கல்லைத் தூக்கி ஓரமாக நிறுத்தினேன். நல்லெண்ணெய் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் கொளுத்தினேன்.

"முனியாண்டி வந்து நிக்கிறாருடா! எவனும் கை வைக்காதீங்கலா!"

பக்தி பாதி, தந்திரம் பாதி. வங்காளதேசத்து ஆட்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கிப் போனார்கள். கல் தப்பியது.

பாறைகளை ஆராய்கிற பல்கலைக்கழகத்து டாக்டருக்குச் சொல்லியனுப்பியதும் நான்தான். நம் தமிழர். வந்தவர் குங்குமத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னண்ணே இது, ஃபாசிலுக்கு அபிஷேகமா? எண்ணெய் உள்ள இறங்கிட்டா ஆராய்ச்சி போச்சுலா!"

"அபிஷேகம் பண்ணலன்னா இத ரோட்டுக்கு அடியிலதான் தேடணும் டாக்டர்."

சிரித்துவிட்டார். அந்தச் சேற்றிலேயே முட்டி போட்டு, பல் விளக்கும் பிரஷால் ஒவ்வொரு சிப்பியாகத் துடைத்தார். மலை எழும்புவதற்கு முன் அங்கே கடல் கிடந்த கதையைச் சொன்னார். எந்த அடுக்கிலிருந்து கல் வந்தது என்று நான் மலையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவைத்திருந்தேன். அதைப் பார்த்து, "எங்க பசங்களுக்கே இது தோணாதுண்ணே. உங்க பேரு கண்டிப்பா வரும்" என்றார். எங்கள் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து சார்டின் மீன் சம்பலும் சோறும் சாப்பிட்ட மனிதர். நம்பினேன்.

போன மாதம் மகள் என்னைப் பல்கலைக்கழகக் காட்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் என் கல். அடியில் பலகை. கண்டெடுத்தவர் டாக்டராம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: உள்ளூர்த் தொழிலாளர்களின் வழிபாட்டால் கல்லின் ஒரு பகுதி சேதமடைந்துள்ளது.

சேதமா? அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டேன்.

"அது ஆபீஸ்ல எழுதுனதுண்ணே, விடுங்கலா" என்றார்.

விட மாட்டேன் டாக்டர். அந்தப் பலகையைக் கழற்றுங்கள். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரை என் அப்பா பெயரோடு முழுதாக எழுதுங்கள். சேதம் என்பதை அடித்துவிட்டு, எண்ணெய் பூசி இந்தக் கல்லைக் காப்பாற்றியவன் இவன் என்று போடுங்கள். அதுவும் பெரிய எழுத்தில்.