பத்து வரி அக்கா

எங்கள் பிணவறை அலுவலகத்தில் அவரைப் 'பத்து வரி அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். கிண்டலுக்கு அந்தப் பட்டத்தை வைத்தவனே நான்தான்.

ஆள் தெரியாத உடல்களைப் பற்றி அறிவிப்பு எழுதி வாசல் பலகையில் ஒட்டுவது அக்காவின் வேலை. முகம் சிதைந்து வந்தால் போட்டோ ஒட்ட முடியாது, எழுத்து மட்டும்தான். சேர்ந்த புதிதில் அக்காவும் எங்களைப் போலவே கடமைக்கு எழுதினார்: 'ஆண், வயது சுமார் முப்பது, நீலச் சட்டை, அடையாளம் ஏதுமில்லை.' அதை ஒரு பெரியவர் மூன்று தரம் படித்துவிட்டு, தன் மகன் இல்லை என்று நிம்மதியாகத் திரும்பிப் போனார். அந்த உடலை நாங்கள் அடக்கம் செய்து இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். எடுத்து வைத்திருந்த சட்டையைக் காட்டினோம். இரண்டாவது பொத்தான் மட்டும் சிவப்பு நூலில் தைத்திருந்தது.

"நான் தச்சதும்மா இது. இதை எழுதியிருக்கக் கூடாதா?" என்றார்.

மறுநாளிலிருந்து, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அக்கா தினமும் பத்து வரி எழுதினார். காய்ச்சல் நாளில்கூட விட்டதில்லை. முதல் வருஷம் எல்லோருமே மாநிறம், நடுத்தர உயரம். நோட்டைப் பிடுங்கிப் படித்துவிட்டு, உலகத்தில் குட்டையே கிடையாதா என்று ஓட்டுவேன். அக்கா கோபிக்காமல் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். மூன்றாம் வருஷம் ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: 'சிரிப்பதற்கு முன், பக்கத்தில் யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிறார்.' அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். அதற்குப் பிறகு நோட்டைத் தொடவில்லை.

போன மாதம் அக்கா ஒட்டிய தாளில், பெல்ட்டில் ஆணியால் போட்ட இரண்டு புதுத் துளைகள் என்று எழுதியிருந்தது. அண்மையில் இளைத்தவர் என்றிருந்தது. மூக்குக் கண்ணாடியின் உடைந்த காதுக் கம்பியில் பச்சை நூல் சுற்றியிருப்பதும் இருந்தது. காணாமல் போன கணவரைத் தேடி வந்த ஒரு பெண் அதைப் பாதி படித்ததும் நேரே அக்காவின் மேசைக்கு வந்தார்.

"அவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதும்மா."

"தெரிஞ்சவங்க மாதிரி எழுதியிருக்கீங்களே" என்று மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

பதிவேட்டில் காலியாக இருந்த பெயர்க் கட்டத்தை அக்கா நிரப்பினார். வழக்கம்போல் தாளைக் கிழிக்கப் பலகைக்குப் போனேன். அந்தப் பெண் பின்னாலேயே வந்தார்.

"கிழிக்காதீங்க. எனக்குக் குடுத்திடுங்க."

நான்கு மூலையிலும் பசையை நனைத்து, கிழியாமல் எடுத்துக் கொடுத்தேன்.