மூன்றாம் பாகத்தோடு நின்ற கல்யாணம்

போன செவ்வாய்க்கிழமை காலை. குழந்தைக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஊட்டுவது என்றால் ஒரு வாய் உள்ளே, மிச்சம் என் புடவையில். இன்றைக்குக் குறைவாகச் சாப்பிடுகிறாளே, காய்ச்சலோ, பல் முளைக்கிறதோ என்று அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அமலோற்பவம் அக்கா வாசலில் வந்து நின்றார்.

கையில் பழுப்புத்தாள் அட்டை போட்ட சின்னக் கட்டு. நான் கொடுத்த நாவலின் மூன்றாம் பாகம். அதை நாற்காலியில் போட்டார். வைக்கவில்லை... போட்டார்.

“இந்தா உன் புஸ்தகம். எம் மவ கல்யாணம் வேண்டாங்கா.”

“என்னக்கா சொல்றீங்க?”

“என்ன சொல்லுதேனா? இதுல ஒருத்தி நிச்சயதார்த்தத்தன்னைக்கு அப்பன் முன்னால வந்து நின்னு ‘எனக்கு இவர் வேண்டாம்’னு சொல்லுதால்லா, அதே பேச்சு எம் மவ வாயில வருது. எங்க இருந்து வந்துச்சு?”

விஷயம் சாதாரணமானது இல்லை. சனிக்கிழமை கப்பல். தாய்க்கும் மகளுக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று. மெயின்லாண்டில், அதாவது இந்த அந்தமானுக்கு அக்கரையில், மாப்பிள்ளையின் ஊர்க் கோயிலில், ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்கவும் தொடங்கிவிட்டார்கள் — இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபை முன்னால் சாமியார் அறிவிப்பது. இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது என்றைக்கு என்று துறைமுக ஆபீஸிலேயே யாருக்கும் தெரியாது. கல்யாண நாள் கடந்துபோயிருக்கும்.

இப்பேர்ப்பட்ட கல்யாணத்தை ஒரு நாவல் நிறுத்திவிட்டதாம். அந்த நாவலைச் சிபாரிசு செய்தவள் நானாம்.

சிபாரிசு செய்தேன்தான். இல்லை என்று சொல்ல முடியுமா? என் அக்கா சென்னையிலிருந்து, புதிதாக வெளிவரும் காதல் நாவல் எதுவானாலும் ஒரு பிரதி வாங்கிக் கப்பலில் போட்டுவிடுவாள். இங்கே போர்ட் பிளேயரில் தமிழ்ப் புத்தகக் கடையைத் தேடினால் கடல்தான் கிடைக்கும். பத்துபஸ்தியில் எங்கள் வரிசையிலும் அக்கம்பக்கத்திலும் தமிழ் படிக்கத் தெரிந்த பெண்கள் ஒரு டஜன் பேராவது இருக்கிறோம். ஒரு புத்தகம், ஒரு டஜன் பேர். என்ன செய்வது?

பிளேடு எடுத்துத் தையலை அறுத்துவிடுவோம். நாவல் நான்கு பாகமாகும். ஒவ்வொன்றையும் தனியாகத் தைத்து, பழுப்புத்தாள் அட்டை போட்டு, வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவோம். முதல் பாகம் முடித்தவர் அதைப் பின்னால் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு, முன்னால் இருப்பவரிடமிருந்து இரண்டாம் பாகத்தை வாங்கிக்கொள்வார். ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: முன்னால் படித்தவர், பின்னால் வருபவருக்குக் கதையைச் சொல்லக் கூடாது. புத்தகத்தை அறுப்பது பாவம் என்று மெயின்லாண்ட் வாசகர்கள் முகம் சுளிக்கலாம். நீங்கள் கப்பலுக்குக் காத்திருந்து பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஆனால் சுற்றுக்கு விடுவது சுலபம். படிக்க வைப்பது...? அப்பப்பா.

“இதுல யாராவது சாகறாங்களா? செத்தா எனக்கு வேண்டாம், நான் மாசமா இருக்கேன்” என்பார் ஒருவர். “யாரும் சாகலையா? அப்ப என்ன கதை?” என்பார் அடுத்த வீட்டுக்காரர். “நீ கதையைச் சொல்லிடேன், நான் அரிசி களைஞ்சுக்கிட்டே கேட்டுக்கறேன்” என்பார் இன்னொருவர். ஒரு நல்ல நாவலை நாலு பேர் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதுபோல் வாசற்படி தேய்கிறது. எனக்கென்ன இதில் லாபம்? நான் படித்து ரசித்ததைப் பேச ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அதுகூட ஆசையா?

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பாதிக் கதையைச் சொல்லி நிறுத்திவிடுவது. இந்த நாவலுக்கு அமலோற்பவம் அக்காவிடம் நான் சொன்னது இதுதான்: “நிச்சயதார்த்தத்தன்னிக்குக் காலையில அந்தப் பொண்ணு என்ன பண்றான்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரியே இருப்பாக்கா அவ.”

நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. என் வாயை எதைக் கொண்டு தைப்பது?

“நாலாவது பாகம் எங்க?” என்றார் அக்கா.

“சௌல்தாரிக்கு வீடு மாறிப் போன சரோஜாகிட்ட இருக்குக்கா. அவங்கதான் உங்களுக்கு முன்னால.”

“அதுல அந்தப் பொண்ணுக்குப் புத்தி வந்து, அப்பன் பாத்தவனையே கட்டிக்கிடுவால்லா? அத எம் மவ புஷ்பத்துட்ட காட்டணும். ஜல்தி வேணும்.”

வாசகர்களே, அந்தப் பெண் கட்டிக்கொள்ளவில்லை. நான்காம் பாகத்தில் அவள் தான் விரும்பியவனோடு ரயிலேறிப் போகிறாள். போய் நன்றாகவும் இருக்கிறாள். எனக்கு அது தெரியும். சொல்லலாமா? சட்டப்படி கூடாது. சொல்லாமல் இருக்கலாமா? ஒரு பெண்ணின் கல்யாணம் ஆயிற்றே. “நல்லபடியாத்தான் முடியும்க்கா” என்றேன்.

பொய்யா அது? பொய் இல்லை. உண்மையா? அன்று முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். குழந்தை பாகம் மூன்றின் ஓரத்தை மென்று தின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. அச்சு மையில் விஷம் இருக்குமோ என்று பிறகு அதற்கும் கவலைப்பட்டேன்.

சாயந்திரம் கணவரிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “உன்னை யாரு சிபாரிசு பண்ணச் சொன்னா?” என்றார். உலகத்தில் எல்லாக் கணவர்களுக்கும் இப்படி ஒரு வாக்கியத்தை யாரோ மனப்பாடம் பண்ணவைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

புதன்கிழமை அக்கா தானே பஸ் ஏறிச் சௌல்தாரிக்குப் போய்விட்டார். வியாழக்கிழமை காலையில் மறுபடி என் வாசலில்.

“படிச்சிட்டேன். வரும்போது பஸ்ஸுலயே.”

நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“ரயிலேறிப் போயிட்டாள அவ. நல்லபடியா முடியும்னு சொன்ன?”

“நல்லாத்தானேக்கா இருக்கா...”

“நல்லாருக்கா. புருசன் காப்பி போட்டுக் குடுக்கான். என் வயித்துல நெருப்ப அள்ளிப் போட்டுட்டு அவ மட்டும் நல்லாருக்கா.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்து, “எழுதுனவன் நல்லாத்தான் எழுதியிருக்கான். அது வேற விசயம்” என்றார். உடனே மறுபடி கோபம். “கெடுத்தது நீ. நீயே வந்து சரி பண்ணு. படிச்ச பொண்ணு சொன்னா கேப்பா.”

நான் எங்கே கெடுத்தேன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாவலில் வருவது வேறு, வாழ்க்கை வேறு, அப்பா அம்மா நல்லதுக்குத்தான் செய்வார்கள்... சமைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் ஒரு பிரசங்கத்தைத் தயார் செய்தேன். இதை நான் நம்புகிறேனா என்று ஒரு சந்தேகம் நடுவில் வந்தது. அதைத் துணியோடு சேர்த்துப் பிழிந்துவிட்டேன்.

சாயந்திரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். புஷ்பம் ஒரு சர்க்கார் ஆபீஸில் டைப்பிஸ்ட். அப்போதுதான் வந்து முகம் கழுவியிருந்தாள். அக்கா பின்கட்டில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“புஷ்பம், அந்தப் புத்தகத்துல வர்ற பொண்ணு...” என்று ஆரம்பித்தேன்.

“எந்தப் புஸ்தகம்க்கா?”

“மூணாம் பாகம். நீ படிச்சியே.”

அவள் சிரித்துவிட்டாள். “நான் எங்க படிச்சேன்? நாள் முழுக்க டைப் அடிச்சிட்டு வந்து மறுபடி எழுத்தைப் பாக்கவா? அம்மாதான் படிச்சாங்க. குழம்பு அடிப்பிடிக்கறது தெரியாம படிச்சாங்க.”

என் பிரசங்கம் அங்கேயே செத்தது.

“அப்புறம் ஏன் வேண்டாங்கற? யாரையாவது...”

“ஆபீஸ்ல, கோயில்ல, எல்லாரும் இதத்தான் கேப்பாங்க. காதல் கீதல் ஒண்ணும் இல்லக்கா.” குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். “போன கப்பல்ல மாப்பிள்ளையோட மாமா வந்தார்ல? வேலையை விட்டுடணும்னு சொன்னார். மாப்பிள்ளை சரக்குக் கப்பல்ல இருக்கார், எப்ப வருவார்னு அவருக்கே மாலும் இல்ல. அதுவரைக்கும் அவர் அம்மாகூட, தங்கச்சிங்ககூட அந்த வீட்ல நான் இருக்கணும். வேலையும் இல்ல, புருஷனும் இல்ல. இவ்வளவுதான் விஷயம். அம்மாகிட்ட அன்னிக்கே சொன்னேன். ‘கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போயிரும்’னாங்க. மறுபடி சொன்னேன். அதையேதான் சொன்னாங்க. அப்புறம் நீங்க புஸ்தகம் குடுத்தீங்க. ஆஹா, இங்கதான் தப்புன்னு கண்டுபிடிச்சிட்டாங்க.”

எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்வது? அக்காவின் மேலா? புஷ்பத்தின் மேலா? இரண்டு நாளாக ஒரு காகிதக் கட்டுக்காகத் தூக்கம் கெட்டுக் கிடந்த என் மேலா? பெற்ற பெண் வாயைத் திறந்து சொன்னது காதில் ஏறவில்லை. அச்சில் படித்ததும் ஏறிவிட்டது. அதுவும் எதற்கு...? பழி போடுவதற்கு.

பின்கட்டுக்குப் போனேன். இது நம் வேலையா என்று கால் பின்னால் இழுத்தது. ஆனாலும் போனேன்.

“அக்கா, அவ அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லையாம்.”

“பொறவு?”

சொன்னேன். அக்கா ஒரு கருவாட்டைத் திருப்பினார். திருப்பியதையே மறுபடி திருப்பினார்.

“என்ட்ட அவ சொல்லல.”

“சொன்னாளாம்க்கா.”

“சொன்னா... சொல்லத்தான் செஞ்சா.” கையை உதறினார். “அந்தப் பையன் நல்ல பையன்.”

“நல்லவராவே இருக்கட்டும்க்கா. வீட்ல இருக்க மாட்டாரே.”

அக்கா கடைசிக் கருவாட்டையும் திருப்பிப் போட்டார். பிறகு, யாருக்கோ பதில் சொல்வதுபோல, “நானும் கட்டிக்கிட்டு வந்த புதுசுல அப்படித்தான் கெடந்தேன். மாமியா மூஞ்சியையும் கடலையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு” என்றார். எழுந்து உள்ளே போனார்.

“ஏட்டி புஷ்பம். இங்க வா. நீ என்னதான் சொல்லுத? மொதல்ல இருந்து சொல்லு.”

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அதற்கு மேல் அங்கே நிற்பது மரியாதை இல்லை.

வெள்ளிக்கிழமை என் வீட்டு வாசலில் கூட்டம். நாவல் ஒரு கல்யாணத்தையே நிறுத்திவிட்டதாம் என்று பத்துபஸ்தி முழுக்கப் பரவியிருந்தது. யாராவது சாகிறார்களா என்று கேட்டவர், சாகவில்லையா என்று கேட்டவர், அரிசி களைந்துகொண்டே கேட்பவர்... எல்லோரும் வந்தார்கள். “மூணாவது மட்டும் குடு, போதும்.” முதல் இரண்டு பாகம் படிக்காமல் மூன்றாவதை எப்படிப் படிப்பது? “அதெல்லாம் புரிஞ்சுக்கறோம்.” இத்தனை நாள் நல்ல நாவல், நல்ல நாவல் என்று தொண்டை வறள நான் சொன்னதற்கு என்ன மதிப்பு? கெட்ட நாவல் என்று யாரோ ஒருவர் சொன்னால் போதும் போலிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டேன். பிறகு, பாவம், ஆசையாக வந்தார்களே என்று திறந்து கொடுத்தேன்.

சனிக்கிழமை நானும் குழந்தையும் கப்பல் துறைக்குப் போனோம். டிரங்குப் பெட்டியோடு அக்கா மட்டும் நின்றுகொண்டிருந்தார். புஷ்பம் பக்கத்தில் நின்று அம்மாவின் சாப்பாட்டுத் தூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் போகவில்லை.

“தந்தி அடிச்சிருக்கலாமேக்கா. எதுக்கு இந்த அலைச்சல்?”

“தந்தியில ‘வேண்டாம்’னு ஒரு சொல்லு போனா, ஊரு அதுக்கு ஒம்பது கதை கட்டும். இங்க எவனோ இருக்கான்னு எம் மவ பேரக் கெடுப்பாவ. நேர்ல போய்த்தான் சொல்லணும்.”

“போய் என்ன சொல்லுவீங்க?”

அக்கா என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு தயக்கம்.

“மாப்பிள்ளை வீட்டையும் கொற சொல்ல முடியாது, இவளையும் விட்டுக்குடுக்க முடியாது. அதனால, புஸ்தகத்து மேல போட்டுருதேன். ‘பிள்ள கதப் புஸ்தகம் படிச்சிட்டு, புத்தி கெட்டுப்போய் உக்காந்திருக்கு’ன்னு. ஜெபப் புஸ்தகம் தவிர வேற ஒண்ணு தொட மாட்டாவ அந்த வீட்ல. உடனே நம்பிருவாவ. ‘இப்பிடி ஒரு பிள்ள நமக்கு வேண்டாம்’னு அவுகளே சொல்லிருவாவ.”

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

“யாரு குடுத்தான்னு கேப்பாவ. உம் பேரையும் சொல்லிக்கிடுதேன். கோவிச்சிக்கிடாத.”

கோபித்துக்கொள்ள இடம் இருந்தது. நிறையவே இருந்தது. என் பெயர், என் நாவல், இரண்டு நாள் தூக்கம்... புஷ்பம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்று தலையை ஆட்டினேன். அக்கா தூக்கை வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். மேலே போனதும் திரும்பி, “சத்து இல்லாமக் கெடக்கு அந்தக் குழந்த. கேழ்வரகு குடு” என்று எல்லோருக்கும் கேட்க எனக்குப் புத்தி சொன்னார்.

இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாப்பிள்ளையின் ஊரைச் சொல்லவே இல்லை. மாற்றியது போதுமா என்று நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். மெயின்லாண்டில் ஏதோ ஒரு கடற்கரை ஊரில், ‘அந்தமானில் ஒருத்தி காதல் புத்தகம் கொடுத்துப் பெண்களைக் கெடுக்கிறாளாம்’ என்று யாராவது பேசக் கேட்டால், எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுங்கள்.

நாவலுக்காக வேண்டுமானால் ஒரு வார்த்தை பேசலாம்... நல்ல நாவல் அது.