ஹார்ட் டிஸ்கில் ஒரு சந்தனப் பொட்டு

மகளின் லேப்டாப் கொஞ்ச நாளாக நொண்டிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்திவிட்டுக் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் அது இன்னும் சோம்பல் முறித்துக்கொண்டுதான் இருக்கும். “கடையில குடுத்துடலாம்மா” என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமாக்காரியின் வீட்டிலிருந்து ஒரு லேப்டாப் கடைக்குப் போவதா? எங்கள் வீட்டில் மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம் எதுவானாலும் முதல் அறுவை சிகிச்சை என் கையால்தான். பிழைத்தவை குறைவு என்பதை மகள் அவ்வப்போது நினைவுபடுத்துவாள். அதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்ளாமல் குட்டி ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன்.

பின்மூடியைக் கழற்றியதும் சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த அந்த வாசனை வந்தது. மெமரியைப் பிடுங்கிவிட்டுப் பெரிதாக ஒன்று போடலாம் என்பது என் திட்டம். பிடுங்க ஒன்றுமில்லை. மெமரியைப் பலகையோடு சேர்த்தே பற்றவைத்திருக்கிறார்கள். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். யாரும் கை வைக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு செய்த சாமான். தோற்றுப்போய் ஸ்க்ரூடிரைவர்களை டப்பாவில் அடுக்கும்போதுதான் கவனித்தேன், அவற்றில் ஒன்றின் முனை ஆறு மூலை நட்சத்திர வடிவில் இருந்தது.

அதை மட்டும் தனியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த நட்சத்திர முனைக்காக ஒரு காலத்தில் நான் அலையாத இடமில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருடம். ஸ்ரீபெரும்புதூரில் வேலை என்று சொன்னால் எல்லாரும் “ஓ, அந்த ஊரா” என்று குரலைத் தாழ்த்திக்கொண்ட வருடம். அந்தக் கதையைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த வருடம் என்றால் கன்னியம்மாவின் மோதிர விரல்தான் ஞாபகம் வரும்.

இப்போது அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு நான் சொல்வது நம்பக் கஷ்டமாக இருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் அப்போது கார் கம்பெனி கிடையாது. பஸ் ஜன்னல் வழியே வயல், ஏரி, மறுபடி வயல். நடுநடுவே திடீரென்று ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கம்பெனி. எங்களுடையது அப்படி ஒன்று. டெலிபோனுக்குள் போகும் சர்க்யூட் போர்டுகளைச் செய்து வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்பினோம். நான் குன்றத்தூரிலிருந்து பஸ் மாறிப் போவேன். மாலை வீடு திரும்பும்போது தலைமுடியெல்லாம் ஈயம் உருக்கிய சால்டர் புகை நாறும். அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொள்வேன், அந்த வயது அப்படி.

கம்பெனியில் ஏசி ஓடிய ஒரே அறை கம்ப்யூட்டர் அறை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், முதலாளி உட்பட. உள்ளே மேஜை மேல் ஒரு லேப்டாப். சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிவைத்தது. பெயர்தான் லேப்டாப், மடியில் வைத்தால் தொடை கன்றிப்போகும். செய்து முடித்த ஒவ்வொரு போர்டையும் அதில் மாட்டிச் சோதிக்க வேண்டும். அது “சரி” என்றால்தான் பெட்டிக்குள் போகும். அதைத் தொடும் உரிமை மேனேஜருக்கும் எனக்கும் மட்டுமே இருந்ததால் பஸ் ஸ்டாப்பில் என்னைக் “கம்ப்யூட்டர் பொண்ணு” என்பார்கள். எனக்குத் தெரிந்தது சொற்பம். ஆனால் அதை யாரிடமும் மறுத்துச் சொன்னதில்லை.

கன்னியம்மா அக்கா அந்த அறையைப் பெருக்கித் துடைக்க வருவாள். மற்ற நேரம் பேக்கிங்கில் இருப்பாள். கம்பெனி நின்ற இடம் அவர்கள் வீட்டு நிலம். விற்கும்போது, அவர்கள் வீட்டில் ஒருவருக்கு நிரந்தர வேலை தருவதாக முதலாளி வாயால் சொல்லியிருந்தார். புருஷன் மாட்டு வண்டியை விடமாட்டேன் என்றதால் இவள் வந்தாள். வந்தவள் தினக்கூலிக்குக் கேஷுவலாகவே இருந்தாள். “இந்த ஆயுத பூஜைக்குப் பர்மனென்ட்டு பண்றேன்னு மொதலாளி சொல்லிகீறாரு பாப்பா” என்று துடைப்பத்தோடு நின்றுகொண்டு சொல்வாள். பாப்பா என்பது நான்தான்.

ஊரில் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. கைராசிக்காரி. யார் வீட்டில் நாற்று நட ஆரம்பித்தாலும் முதல் பிடி அவளுடையது. பெண்ணுக்கு நலங்கு வைக்க, புதுச் சைக்கிளுக்குப் பொட்டு வைக்க, கடன் வாங்கிய பம்பு செட்டில் முதல் சுவிட்ச் போட, எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் கை பட்டால் விளங்கும் என்று ஒரு நம்பிக்கை. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, படித்த பெண்ணல்லவா. ஆனாலும் புதிதாகச் செய்த போர்டுகளில் முதல் போர்டை அவள் கையால் வாங்கித்தான் சோதனைக்கு மாட்டுவேன். எதற்கு வம்பு.

ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டது. பூஜைக்கு மறுநாள் சரக்கு வாங்குகிறவர்களின் ஆட்கள் நேரில் வருவதாக இருந்தது. சோதனை நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெரிய ஆர்டர் தருவார்களாம். ஆர்டர் வந்தால்தான் புது ஷெட், புது ஆட்கள், கன்னியம்மாவின் பர்மனென்ட். மேனேஜர் ஸ்கூட்டரில் சென்னைக்கு, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது டிஸ்க் ஒன்றை எப்படியோ பிடித்தார். பழையதைவிட இரண்டு மடங்கு பெரியது. இரண்டு மடங்கு என்றால் இன்று மகள் எடுக்கும் பத்துப் போட்டோ அதில் கொள்ளாது, அது வேறு விஷயம்.

அவர் திரும்பி வந்து சேரும்போது பூஜைக்கு எல்லாம் தயாராகிக்கொண்டிருந்தது. பேன்ட் முழங்காலில் கிழிந்து, சேறும் ரத்தமுமாக நொண்டியபடி வந்தார். தண்டலம் தாண்டி லாரிக்கு ஒதுங்கியபோது ஸ்கூட்டர் சாய்ந்துவிட்டதாம். எல்லாரும் ஓடிப் போய் அவரை உட்கார வைத்து, சோடா கொடுத்து, மஞ்சள் அரைத்துப் போட்டோம். டிஸ்க் பெட்டி கேரியரில் சைக்கிள் டியூபால் கட்டிய மாதிரியே இருந்தது. அதற்கும் அடிபட்டிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அட்டை நசுங்கவில்லை, அது போதாதா.

நான் லேப்டாப்பைப் பிரித்துப் பழைய டிஸ்கை வெளியே எடுத்து வைத்திருந்தேன். புதியதை மாட்டிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தபோது கன்னியம்மா தட்டோடு வந்து நின்றாள்.

“ஸ்க்ரூடிரைவரு குடு பாப்பா. பூஜைக்கி வெக்கணும்.”

“அஞ்சே நிமிஷம்க்கா. இத மாட்டிட்டுத் தரேன்.”

“மொதலாளி பாத்துகினு நிக்கறாரு. எல்லாரும் சாமானக் குடுத்துட்டாங்க, உன்னுதுதான் பாக்கி.”

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாது. அது உங்களுக்குத் தெரிந்ததுதான். சால்டரிங் அயர்ன், இடுக்கி, அளவுகோல், துடைப்பம் எல்லாம் வரிசையாகப் போய்விட்டன. என் ஸ்க்ரூடிரைவரும் போனது. பிரித்தது பிரித்தபடி லேப்டாப்பும், பெட்டியிலிருந்து எடுத்த புது டிஸ்கும் வாழையிலை மேல் ஏறின. மாலைகள் வாடாமலிருக்க முந்தின நாளே ஏசி அறையில் தொங்கவிட்டிருந்தார்கள், அறை முழுக்கச் சாமந்தி வாசனை.

முதலாளி சொன்னார், “கன்னிம்மா, நீயே பொட்டு வைம்மா. உன் கைராசிக்கு ஆர்டர் வரட்டும்.”

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தாள். டிஸ்கிடம் வந்ததும் கொஞ்சம் தயங்கினாள். மினுமினுவென்று தகடு, நடுவில் வட்டமாக ஒரு சின்னத் துளை.

“நெத்தி மாதிரியே கீது பாரேன்” என்று சிரித்து, மோதிர விரலால் சந்தனத்தை எடுத்துச் சரியாக அந்தத் துளை மேலேயே வைத்து அழுத்தினாள். அதன் மேல் குங்குமம். துளைக்குப் பக்கத்தில் அதை மூடாதே என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கற்பூரப் புகையில் கண் எரிந்துகொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. அவளுக்கு அந்த எழுத்துத் தெரியாது.

மறுநாள் டிஸ்கை மாட்டி சுவிட்ச் போட்டதும் கல்லில் கத்தி தீட்டுவது போல் ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தோம். வந்தவர்கள் கை கட்டி நின்று பார்த்தார்கள், காபி குடித்தார்கள், காரேறிப் போனார்கள். போன ஆர்டர் போனதுதான். மேனேஜர் டிஸ்கை வெளியே எடுத்துத் திருப்பினார். பொட்டு அப்படியே இருந்தது.

“ஓட்டைய மூடாதன்னு எழுதியிருக்கே! சந்தனத்த அப்பி வெச்சிருக்கா! உள்ள போயிருக்கும் சார், அதான்!” என்று கத்தினார்.

நான் சொன்னேன். அந்தத் துளைக்குக் கீழே வடிகட்டி இருக்கும், சந்தனம் உள்ளே போக வழியில்லை, ஸ்கூட்டர் விழுந்ததில் அடிபட்டிருக்கலாம் என்று முதலாளியிடமே சொன்னேன். “நீ தெறந்து பாத்தியாம்மா?” என்று கேட்டார். பொட்டு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, நான் சொன்ன வடிகட்டி யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

கன்னியம்மா வாசலில் நின்று, “நீங்கதான சார் வெக்கச் சொன்னீங்க” என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர்கள் வீட்டு நிலத்தில் அவளுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

குப்பையில் கிடந்த டிஸ்கை நான் எடுத்து வந்தேன். திறந்து காட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி. மூடியின் திருகாணிகளில் ஆறு மூலை நட்சத்திரப் பள்ளம், கடைகளில் ‘ஸ்டார்’ என்று தரும் கூட்டல் குறி அல்ல. அதற்கான முனை ஸ்ரீபெரும்புதூரில் இல்லை, குன்றத்தூரில் இல்லை, ரிச்சி தெருவில் கேட்டால் “அதெல்லாம் தெறக்கறதுக்கு இல்லம்மா” என்று சிரித்தார்கள். ரம்பத்தால் அறுத்தால் தூள் உள்ளே விழும். அப்புறம் எது சந்தனம் எது இரும்பு என்று யார் சொல்வது? பொட்டு கலையாமல் துணியில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். கம்பெனியும் அதிக நாள் தாங்கவில்லை. நான் வேறு வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆயிற்று, டப்பாவும் என் கூடவே வீடு மாறிக்கொண்டு வந்தது.

இடையில் ஒருமுறை அவளைப் பார்த்தேன். என் புது மொபெட்டில் நான் காஞ்சிபுரம் போய்விட்டு வரும் வழியில், வாலாஜாபாத்தில் அவள் வேர்க்கடலைக் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் “பாப்பா!” என்று எழுந்தே விட்டாள். கோயில் குங்குமம் கைப்பையில் இருந்தது. எடுத்து நீட்டி, “வண்டிக்கு நீங்களே வெச்சிடுங்கக்கா” என்றேன். அவள் கை சட்டென்று முந்தானைக்குள் போய்விட்டது.

“வோணாம் பாப்பா. நல்லா ஓடற வண்டி. என் கை இன்னாத்துக்கு?”

“அந்த டிஸ்க் உங்களால கெடலக்கா.”

“ஊரே சொல்லுது, நீ ஒருத்தி இல்லன்னா ஆச்சா? எம் பொண்ணு கல்யாணத்துல நான் நலங்கு வெக்கல, தெரியுமா? அவுங்க அப்பா நல்லாத்தான் கீறாரு, நான் வெக்கலாம். நம்ம கையால அதுக்கு இன்னா ஆவுமோன்னு ஒதுங்கி நின்னுகினேன்.”

அடுத்தவர்கள் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவளே நம்பிவிட்டாள். மொபெட்டில் வீடு வரும் வரை அழுதுகொண்டே வந்தேன்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டே பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். நட்சத்திர முனை பள்ளத்தில் அழகாக உட்கார்ந்தது. திருகாணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மூடியை நெம்பித் திருப்பினேன். துளைக்கு நேர் கீழே வடிகட்டி, புதுப் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தது. ஒரு துகள் உள்ளே இறங்கவில்லை. உள்ளே சுழலும் வட்டத் தட்டின் மேல் வளையமாக ஒரு கீறல். அதன் மேல் ஓட வேண்டிய மெல்லிய கை ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது. தண்டலத்தில் ஸ்கூட்டர் சாய்ந்தபோதே அது செத்திருக்கிறது. செத்ததற்குத்தான் அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பொட்டு வைத்திருக்கிறாள்.

யாரிடம் போய்க் காட்டுவது? முதலாளி இல்லை. மேனேஜர் எந்த நாட்டிலோ. கம்பெனி இருந்த இடத்தில் ஏதோ ஒரு குடோன், வாசலில் கன்டெய்னர் லாரிகள், செக்யூரிட்டிக்குத் தமிழே தெரியவில்லை. கன்னியம்மா போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன, பஸ்ஸில் யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். தன் கை விளங்காத கை என்று நம்பிக்கொண்டேதான் போயிருப்பாள். இந்த நட்சத்திர முனை அன்றைக்கு எங்காவது ஒரு கடையில் கிடைத்திருக்கக் கூடாதா?

அவள் விரல் அடையாளமாவது இருக்கிறதே என்று மூடியை மெல்ல நிமிர்த்தினேன். நான் நெம்பியதில் பொட்டு உதிர்ந்து போயிருந்தது. மேஜையெல்லாம் பழுப்பாகக் கொஞ்சம் தூள்.

“என்னம்மா இவ்வளவு தூசி” என்று மகள் ஈரத்தாளால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தாளை வாங்கி மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.