ஈரம் காயாத கொக்குகள்

பதினோரு வருடம் பெயிண்டர்களுக்குச் சித்தாளாக இருந்தேன். சுவர் தேய்ப்பதும் வாளி தூக்குவதும்தான் வேலை. முதல்முதலாகத் தனியாக என்னை நம்பி ஒரு வேலை கொடுத்தவர் அடையாறில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். அவர் தோட்டத்தில் சிமெண்டில் செய்த இரண்டு கொக்குகள். ஒவ்வொரு மழைக்கும் பெயிண்ட் கொப்பளித்து உரிந்துவிடும்.

அது மார்கழி. பெயிண்டைச் சுரண்டினேன். உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வரா. அதுக்குள்ள முடிச்சுடு," என்றார் டீச்சர்.

"முடியாதும்மா. உள்ளாற இன்னும் ஈரம் கீது. இப்ப அடிச்சா திரும்ப உரிஞ்சிக்கினு வந்துடும்."

"தொட்டா காஞ்சுதானே இருக்கு?"

கொக்கின் முதுகில், சுரண்டிய இடத்தில், ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டினேன். வந்த வேலையும் போய்விடுமோ என்று பஸ்ஸில் வழி முழுக்க யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை தாளின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நீ சொன்னதுதான் சரி. உன் இஷ்டப்படி பண்ணு."

மகள் வந்தபோது கொக்குகள் சாம்பல் நிறத்தில் மொட்டையாக நின்றன. நான் அசரவில்லை. மூன்று வாரம் வெயிலில் காயவிட்டேன். கம்பி பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்தெடுத்து, வெடிப்புகளை அடைத்தேன். மண்ணின் ஈரம் ஏறுவது அடிவழியாகத்தான் என்பதால், கொக்குகளைச் சாய்த்து, யார் கண்ணிலும் படாத அடிப்பாகத்துக்கும் பிரைமர் அடித்தேன். பிறகு வெளிச்சுவர் பெயிண்ட் இரண்டு கோட்டிங், அதன்மேல் தண்ணீர் புகாத கிளியர் கோட். அலகின் மஞ்சளை மட்டும் மனம் ஒப்பாமல் மூன்று தடவை மாற்றினேன்.

அடுத்த ஐப்பசியில் மழை விடாமல் கொட்டியது. யாரும் கூப்பிடாமலே போய்ப் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை. இறகுகளின் மேல் தண்ணீர் உருண்டு ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "எந்தப் பெயிண்டர் பண்ணது?"

"இதோ நிக்கறாளே, இவதான் பெயிண்டர்," என்றார் டீச்சர்.

"எங்க வீட்டு மான் பொம்மையையும் நாளைக்கே பண்ணிடறீங்களா?"

"நாளைக்கு வேணாம் சார். மழை உட்டு நல்லா காயட்டும். தை கழிச்சி வரேன்."

அவர் கேட்டைத் திறந்துவிட்டார். அவர் வீட்டு மானைச் சுற்றிவந்து, எங்கெங்கே வெடித்திருக்கிறது என்று காட்டினேன். அவர் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.