மஞ்சள் வளையமும் மூடியக்காவின் கையெழுத்தும்

மூன்று தெரு தள்ளி நின்றாலும் மூடி வழுக்குகிற சத்தம் மூடியக்காவின் காதில் விழுந்துவிடும். சரி, மூன்று தெரு என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. ஒரு தெரு. அதுவும் காற்று இந்தப் பக்கம் அடித்தால். ஆனால் தொழிற்சாலைக்குள் நுழைந்து வலைத்தொப்பியைத் தலையில் மாட்டுவதற்குள், இயந்திரத்தின் நான்கு தலைகளில் எது சரியாகக் கவ்வவில்லை என்று சொல்லிவிடுவாள். இதில் பொய் கிடையாது.

பத்தொன்பது வருடமாக அவள் இருமல் மருந்து பாட்டில்களுக்கு மூடி போடுகிறாள். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அவளைவிட ஆறு வயது மூத்த ஃபிட்டர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார். "வயசு எனக்கு, விவரம் அக்காவுக்கு" என்று அவரே அதற்கு விளக்கமும் வைத்திருந்தார்.

மூடி போடுவதில் என்ன பெரிய விவரம் என்று கேட்பவர்களிடம் அவள் சண்டைக்குப் போக மாட்டாள். ஒரு கேள்வி மட்டும் கேட்பாள். "பெட்டி குப்புற விழுந்தாலும் மருந்து சிந்தக் கூடாது. ஆனா மூட்டுவலிக்காரர் திருகினா திறக்கணும். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கு, சொல்லுங்க?" யாராலும் சொல்ல முடியாது. அந்த இடம்தான் அவளுடைய ஊர், நாடு, ராஜ்ஜியம் எல்லாம்.

அந்த ராஜ்ஜியத்தின் வாசல் ஒரு சின்னக் கிண்ணம். இயந்திரத் தலையின் அடியில் கவிழ்ந்திருக்கும் அதைத் தளத்தில் சக் என்பார்கள். கிண்ணத்துக்குள் ஒரு ரப்பர் வளையம். தலை கீழே இறங்கியதும் அந்த வளையம் மூடியைச் சுற்றிக் கவ்வும், திருகும், விடும். பாட்டில் கூடவே சுழன்றுவிடாமல் கீழே இரண்டு ரப்பர் இடுக்கிகள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். வளையம் மூடிக்குப் பொருந்தவில்லை என்றால் கவ்வுகிற மாதிரி கவ்வி, திருகுகிற மாதிரி திருகி, சும்மா விட்டுவிடும். பார்ப்பவருக்கு மூடி போட்ட மாதிரியே இருக்கும். கேட்பவருக்குத்தான் தெரியும்.

புது மூடிகள் வந்த அன்று காலை அவளுக்குக் கேட்டது. உஸ்ஸ் என்று ஒரு சத்தம். நான்கு தலையிலும்.

மூடிகளை வாங்கியவர் கொள்முதல் அதிகாரி. மற்றவர்கள் குடை வைத்திருக்கிற மாதிரி அவர் கக்கத்தில் எப்போதும் ஒரு கேட்டலாக் இருக்கும். அதனால் அவருக்குப் பெயரே கேட்டலாக். பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் பக்க எண்ணைக் கேட்டார் என்று ஃபிட்டர் ஒரு கதை கட்டி விட்டிருந்தார்.

"சார், புது மூடியை வளையம் கவ்வலை. வழுக்குது" என்றாள் மூடியக்கா.

"பழைய மூடி இருபத்தெட்டு மில்லிமீட்டர். புது மூடியும் இருபத்தெட்டு. ரெண்டும் ஒண்ணுதான். வளையம் ஏன் மாத்தணும்?"

"சத்தம் வேறயா இருக்கு சார்."

"சத்தத்தை வச்சு சாமான் வாங்க முடியாதும்மா. ஓட்டுங்க."

ஓட்டினாள். தளர்வாக வந்ததை எல்லாம் கையால் திருகித் திருகி உள்ளங்கை கொப்பளித்தது. நிமிடத்துக்கு அறுபது பாட்டில்; அவளுக்குக் கை இரண்டு. பத்தாவது நாள் கடைகளிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. பெட்டியைத் தூக்கினால் அடிப்பாகம் தரையிலேயே ஒட்டிக்கொண்டது. எறும்புகள் குடும்பத்தோடு வந்திருந்தன.

கேட்டலாக் முதலில் தலையின் அழுத்தத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டியதும் மூடியின் ஓரத்திலுள்ள வரிகள் தேய்ந்து, இயந்திரத்தைச் சுற்றி வெள்ளைத் தூள் மாவு மாதிரி கொட்டியது. பிறகு ஒரு விற்பனையாளர் சொன்னார் என்று எஃகுப் பல் வைத்த சக்குகளை வாங்கி வந்தார். அவை கவ்வின, மறுக்க முடியாது. பத்து பாட்டில் ஓட்டியதும் மூடியக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். எஃகுச் சக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, மாடி ஏறிப் போய்க் கேட்டலாக்கின் மேஜையில் வைத்தாள். பக்கத்தில் பத்து மூடிகளையும் வைத்தாள்.

"எலி கடிச்ச மாதிரி இருக்கு. குழந்தைக்கு மருந்து கொடுக்கிற எந்தத் தாய் இதை வாங்குவா? நான் இதைப் போட்டு ஓட்ட மாட்டேன்."

"கழற்றச் சொல்லி யார் உத்தரவு கொடுத்தது?"

"என் கண்ணு."

அந்தப் பதிலுக்குத்தான் மறுநாள் சாயங்காலம் தாள் வந்தது. இரண்டே வரி. பாட்டில்கள் ஒழுகியதற்குக் காரணம் இயந்திரத்தை இயக்கியவர் பாட்டில் இடுக்கிகளைச் சரியாக வைக்காத கவனக்குறைவு. அவர் திங்கட்கிழமை முதல் பெட்டி ஒட்டும் மேஜைக்கு மாற்றப்படுகிறார். கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு. நாளை மதியச் சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடிப்பதற்குள் போட்டாக வேண்டும்.

அவள் அந்தத் தாளை நாலாக மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். கணவர் பஸ் கண்டக்டர். நாள் முழுக்கக் கத்திவிட்டு வீட்டில் மெல்லப் பேசுகிறவர். அவருடைய தங்கை, தையல்காரி, அதே வீட்டின் முன்னறையில் மெஷின் போட்டிருந்தாள். மெல்லப் பேசுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

கணவர் தாளைப் படித்துவிட்டுச் சொன்னார். "ஒரு கையெழுத்துதானே. போட்டுத் தொலையேன். பெட்டி ஒட்டுறது உட்கார்ந்து பார்க்கிற வேலை. காலுக்கு நல்லது."

"என் காலுக்கு என்ன கேடு?"

"சும்மா சொன்னேன்."

"பத்தொன்பது வருஷமா நான் வச்ச இடுக்கி நகர்ந்ததில்ல. கவனக்குறைவுன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா? நாளைக்கு வேற யாராவது அந்த மெஷினைத் தொட்டா, இது ஒருத்தி கெடுத்து வச்சதுன்னுதான் சொல்லுவாங்க."

முன்னறையில் தையல் மெஷின் நின்றது. நாத்தனார் கத்திரிக்கோலோடு வந்து நின்றாள். "அண்ணி, இதுல மட்டும் கையெழுத்துப் போட்டீங்க, ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேச மாட்டேன்."

"அப்படியா? அப்ப போட்டுடலாம்போல இருக்கே" என்றார் அண்ணன்.

மூடியக்கா அன்று முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். அதற்குள் பழைய ரப்பர் வளையங்கள். தேய்ந்தது, வெட்டுப்பட்டது, எப்போதோ நிறுத்திவிட்ட சரக்குக்கு வாங்கி மிஞ்சியது என்று முப்பது நாற்பது கிடந்தன. மற்ற பெண்கள் வளையல் சேர்ப்பார்கள், இவள் வளையம் சேர்க்கிறாள் என்று கணவர் உறவினர்களிடம் சொல்லிச் சிரிப்பது இதைத்தான். புது மூடி ஒன்றை முந்தானையில் முடிந்து வந்திருந்தாள். ஒவ்வொரு வளையமாக அதன்மேல் மாட்டிப் பார்த்தாள். மூன்று தேறின.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள். மேனேஜர் நல்ல மனிதர். எல்லோரும் சமாதானமாக இருக்க வேண்டும், அதிலும் தன் அறைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று நினைப்பவர். கேட்டலாக் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சாம்மா?" என்றார் மேனேஜர்.

"மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கு சார். அதுவரைக்கும் அது என் மெஷின்தானே? கீழே வாங்க. ரெண்டு பேரும்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் மேனேஜர் எழுந்துவிட்டார். எழுந்த பிறகுதான் ஏன் எழுந்தோம் என்று யோசித்தார்.

கீழே ஃபிட்டர் இயந்திரத்தைக் கையால் சுற்றத் தயாராக நின்றார். மூடியக்கா ஒரு மார்க்கர் பேனாவால் சக்கின் விளிம்பிலிருந்து மூடிவரை ஒரு கோடு இழுத்தாள். பாட்டிலிலிருந்து இடுக்கிவரை இன்னொரு கோடு.

"சுத்துங்கண்ணே."

ஃபிட்டர் மெல்லச் சுற்றினார். தலை இறங்கித் திருகி மேலே எழுந்தது. கீழ்க்கோடு துளியும் விலகவில்லை. மேலே சக்கிலிருந்த கோடு, மூடியிலிருந்த கோட்டை விட்டுக் கால் சுற்று தள்ளிப் போயிருந்தது.

"இடுக்கி பாட்டிலைப் பிடிச்சிருக்கு. வளையம்தான் மூடியைப் பிடிக்கலை. இப்ப சொல்லுங்க, யார் கவனக்குறைவு?"

"ரெண்டும் இருபத்தெட்டும்மா" என்றார் கேட்டலாக். கக்கத்திலிருந்த புத்தகத்தைத் திறந்தே காட்டினார். "அச்சுல இருக்கு பாருங்க."

மூடியக்கா வெர்னியர் அளவுகோலை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். "இருபத்தெட்டுங்கறது பாட்டில் கழுத்தோட அளவு சார். உள்ளே திருகுற பக்கம். வளையம் கவ்வுறது மூடியோட வெளிப்பக்கத்தை. அதை அளந்தீங்களா?"

அவர் அளந்தார். பழைய மூடி வெளியே முப்பத்தொன்று. புதிது முப்பது. வரிகளும் பாதி ஆழம்தான்.

"ஒரு மில்லிமீட்டர். ஒரு தலைமுடி அளவு. இதுக்குப் போய்..."

"ஒரு தலைமுடி இல்ல சார், பத்து தலைமுடி. உங்க தலையில இருக்கறதுல பாதி."

ஃபிட்டருக்கு அப்போது பார்த்து இருமல் வந்தது. இருமல் மருந்துத் தொழிற்சாலையில் அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை.

மூடியக்கா மூன்று வளையங்களையும் மேஜைமேல் வைத்தாள். கறுப்பு மிருதுவானது. சிவப்பு நடுத்தரம். மஞ்சள் கெட்டியானது, உட்புறம் மெல்லிய வரி போட்டது. எப்போதோ கை கழுவும் திரவம் நிரப்பிய காலத்தில் மிஞ்சியது. முதலில் கறுப்பைப் போட்டாள். மூடியை அழகாகக் கவ்வியது. கேட்டலாக்கின் முகம் மலர்ந்தது.

"அப்புறமென்ன? கறுப்பே வாங்கிடலாம்."

"இருங்க" என்று அவள் ஒரு மூடியை எடுத்து இருமல் மருந்தில் முக்கினாள்.

"ஐயோ, ஏம்மா?"

"நீங்க எல்லாத்தையும் காய்ஞ்ச மூடியில சோதிக்கறீங்க. எனக்கு இங்க காய்ஞ்ச மூடி எங்க வருது? பாட்டில் நிரம்பும்போது தெறிக்குது, ஒழுகுது, மூடி முழுக்கப் பிசுக்கு. இது கல்யாணப் பொண்ணு மாதிரி அலங்காரம் பண்ணிட்டு வர்ற இடமில்ல."

நனைந்த மூடியில் கறுப்பு வளையம் வழுக்கியது. சிவப்பு கவ்வியது, ஆனால் அவள் விடாமல் இருபது பாட்டில் ஓட்டினாள், பதினேழாவதில் அதே உஸ்ஸ். மஞ்சள் வளையத்தை நான்காவது தலையில் மாட்டினாள். இருபது. நாற்பது. அறுபது. கோடு விலகவில்லை, மூடியில் கீறல் இல்லை, தூள் இல்லை.

"இது ஒண்ணுதான் இருக்கு" என்றாள். "மத்த மூணு தலையில பழைய வளையமே இருக்கட்டும்." நான்கு தலைகளிலிருந்தும் தலைக்கொரு பாட்டிலாக எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். மடித்த தாளைப் பிரித்து மேஜையில் விரித்தாள். நான்கு பாட்டில்களையும் அதன்மேல் குப்புற நிறுத்தினாள்.

"அது அலுவலகக் கடிதம்!" என்றார் கேட்டலாக்.

"தெரியும் சார். அதனாலதான் கீழே வச்சேன். நான் சாப்பிடப் போறேன். நீங்க பார்த்துக்கிட்டு இருங்க."

அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். கையை இரண்டு தடவை கழுவினாள். மணி அடித்த பிறகுதான் மாடி ஏறினாள். மேனேஜரும் கேட்டலாக்கும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. தாளில் மூன்று பழுப்பு வட்டங்கள் ஊறி, "கவனக்குறைவு" என்ற வார்த்தை பாகாகக் கரைந்திருந்தது. நான்காவது பாட்டிலுக்கு அடியில் தாள் காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

மேனேஜர் அந்த நான்காவது பாட்டிலை நிமிர்த்தி, திருகிப் பார்த்தார். சிரமமில்லாமல் திறந்தது. அவருக்கு இரண்டு கையிலும் மூட்டுவலி.

"மஞ்சள் வளையம் நாலு, கையிருப்புக்கு நாலு. இன்னைக்கே வாங்கச் சொல்லுங்க" என்றார். "மெஷினை நீங்களே பார்த்துக்கங்கம்மா. திங்கட்கிழமையும்தான்."

கேட்டலாக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தாளுக்கு எண் போட்டாச்சு சார். ஃபைல்ல போகணும். ஒரு வழக்கத்துக்காவது அம்மா ஒரு கையெழுத்து..."

மூடியக்கா கேட்டலாக்கின் சட்டைப் பையிலிருந்தே பேனாவை எடுத்தாள். காய்ந்திருந்த அந்த மூலையில் "இது என் தவறு இல்லை" என்று பணிவாக எழுதி, கையெழுத்துப் போட்டு, பேனாவைத் திரும்ப வைத்தாள்.

நான் எழுதிய இந்தக் கதையை முழுவதும் வாசித்துக் காட்டியபோது மூடியக்கா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். இதுவரை எதற்கும் மறுப்புச் சொல்லாதவள், இங்கே வந்ததும் கையை நீட்டித் தடுத்தாள்.

"அம்மா, அந்த வரியை மாத்துங்க. பணிவாவும் எழுதல, என் தவறு இல்லைன்னும் எழுதல. 'வெளிப்பக்கத்தை அளக்காமல் மூடி வாங்கியது கொள்முதல் பிரிவின் தவறு'ன்னு எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டேன். பேனாவையும் திருப்பிக் கொடுக்கல."