பிரெஞ்சுக் கிராமத்துக்கு ஒரு படகு

அறுபதுகளின் கடைசியில் ஜெர்மனியின் பான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பக்கத்துச் சிற்றூரில் ஒரு தச்சர் வீட்டு மாடியில் குடியிருப்பு. அந்த ஊருக்குத் திடீரென்று ஒரு பிரெஞ்சுக் கிராமத்தோடு சம்பந்தம் வைத்துக்கொள்ளும் ஆசை வந்தது. அப்போது அது ஒரு மோகம். அடித்துக்கொண்ட இரண்டு நாடுகளும் ஊருக்கு ஊர் கைகுலுக்கிக்கொண்டிருந்த காலம்.

கூத்து என்னவென்றால், அங்கே பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் நான். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். ஆகவே அந்தக் கிராமத்தின் சரித்திரமும் பூகோளமும் பற்றி ஊர்க்கூட்டத்தில் பேசும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நான் பிரான்ஸில் கால் வைத்ததே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

அன்று மாலை தச்சர் மாடியேறி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், வாய் திறப்பதே அபூர்வம். இன்னும் பட்டம் வாங்காத என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்.

“டாக்டர், நல்லாப் பேசுங்க. இது பாதியில முறிஞ்சுடக் கூடாது. அந்த ஊருக்கு நான் ஒரு தடவை போயாகணும்.”

ஏன் என்று கேட்டேன். என் கதவின் கீலைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எங்கள் பள்ளியில் எந்தப் பிரெஞ்சு ஊரைக் கேட்டாலும் மண், ஆறு, விளைச்சல், கோயில், போர் என்று வரிசையாக ஒப்பிக்க வேண்டும். ஒன்றை விட்டால் பிரம்படி. எனக்குக் கிடைத்த பழைய கையேட்டிலோ அந்தக் கிராமத்துக்கு இரண்டே வரி: சுண்ணாம்புப் பாறை, ஆடுகள், சிறிய கோயில். ஆற்றைக் காணோம். அச்சில் விட்டுப்போயிருக்கும் என்று முடிவு செய்து நானே ஓர் ஆற்றை ஓடவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அருமையான ஆறு. நாணல், வாத்து, மாவு அரைக்கும் நீராலை எல்லாம் உண்டு. கூட்டம் சொக்கிப்போனது. முன்வரிசையில் இருந்த தச்சர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கிராமத்துக்கு என்ன பரிசு கொண்டுபோவது என்ற பேச்சு வந்ததும், படகு என்றார் ஊர்த்தலைவர். வேறு யோசனையே எழவில்லை. தச்சர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். குளிர்காலம் முழுக்கக் கீழே இழைப்புளிச் சத்தம், எனக்கு ஒரு பக்கம் படிக்க முடியவில்லை. ஒருநாள் எட்டிப் பார்த்தபோது, அந்த ஊரில் வயதானவர்கள் இன்னும் உயிரோடு இருப்பார்களா என்று கேட்டார். நானென்ன கண்டேன்!

வசந்தத்தில் பேருந்துக் கூரையில் படகைக் கட்டிக்கொண்டு போய் இறங்கினோம். வெள்ளைவெளேரென்று பாறைமேடு. ஆறு கிடக்கட்டும், ஒரு குட்டைகூட இல்லை. நடுவில் ஆழமான கிணறு ஒன்று, அவ்வளவுதான். வரவேற்க நின்றவர்கள் படகைப் பார்த்தார்கள், பிறகு வானத்தைப் பார்த்தார்கள். வெள்ளம் ஏதும் வரப்போவதாகச் செய்தி உண்டா என்று அவர்கள் தலைவர் என்னிடம் மரியாதையாகக் கேட்டார். எங்கள் தலைவர் என்னை முறைத்தார். எனக்கு மானமே போயிற்று.

அப்போது தச்சர் முன்னால் வந்தார்.

“டாக்டரைக் கோவிக்காதீங்க. இங்க ஆறு இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். சொன்னா, எப்படித் தெரியும்னு கேட்பீங்க. சண்டைக் காலத்துல ஒரு கோடை முழுக்க இங்க சிப்பாயா இருந்தேன். எங்க குதிரைங்களுக்காக இந்தக் கிணத்தை வத்த வத்த இறைச்சோம். இவங்களுக்கு ஒரு வாளி விடலை. அதைச் சொல்லுங்க டாக்டர்.”

சொன்னேன். என் பிரெஞ்சு அப்படித் தடுமாறியது அன்றுதான். ஒரு வார்த்தை சொல்லப் பயந்து மனிதர் ஒரு படகையே செய்திருக்கிறார்! எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கறுப்பு உடையில் இருந்த ஒரு மூதாட்டி கிணற்றடிக்குப் போய் வாளியை எடுத்து வந்து தச்சர் காலடியில் வைத்தார். படகைக் காட்டி என்னிடம், “ரொப்பச் சொல்லு. ஆடுங்க குடிக்கட்டும்” என்றார்.

தச்சர் கோட்டைக் கழற்றினார். உதவிக்குப் போன எங்களைக் கையசைத்து விலக்கிவிட்டு, தனியாகவே இறைத்து இறைத்துப் படகில் ஊற்றினார். நல்ல வேலைப்பாடு, ஒரு சொட்டு ஒழுகவில்லை. திரும்பும் நேரம் தாண்டியும் பேருந்தில் யாரும் ஏறவில்லை.

பொழுது சாயும்போது படகு நிறைந்தது. கடைசி வாளியை ஊற்றப் போனவரை மூதாட்டி தடுத்து, ஒரு குவளையில் முகர்ந்து நீட்டினார்.

“ஆடுங்க இருக்கட்டும். முதல்ல நீ குடி.”

நான் மொழிபெயர்ப்பதற்குள் அவர் குடித்துவிட்டிருந்தார்.