தாகேதா கிட்டங்கியில் ஒரு மஞ்சள் கார்

ரங்கூனின் தாகேதா பேட்டையில் பர்கத்துல்லா பாயின் சரக்குக் கிட்டங்கியைத் தெரியாதவர்கள் கிடையாது. பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமில்லை. செங்கல் சுவர், தகரக் கூரை, இரட்டைக் கதவு. ஆனால் அதன் தரை தெருவைவிட இரண்டரை அடி உயரம். மே மாத நடுவில் மழை பிடித்துக்கொண்டால் அக்டோபர் வரை அந்தப் பேட்டையில் வீட்டுக்குள்ளேயே செருப்பு மிதக்கும். பாயின் கிட்டங்கியில் மட்டும் மிளகாய் வற்றல் கையில் எடுத்தால் நொறுங்கும். அதனால் மழைக்காலம் முழுக்க யாருடைய சரக்காவது அவரிடம் இருக்கும்.

அவரிடம் ஒரு பொருள் வந்தால் முதலில் தரையில் அதைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு போடுவார். பக்கத்தில் நாலு சட்டியில் சுட்ட சுண்ணாம்புக்கல் வைப்பார், ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். பிறகு தார்ப்பாயைப் போர்த்திக் கயிறு கட்டுவார். அவ்வளவுதான். உடையவர் வந்து கேட்கும்வரை அவரும் தொட மாட்டார், மற்றவர்களையும் தொட விட மாட்டார். நம்பிக் கொடுத்த பொருள் அமானிதம், அது கொடுத்தபடியே திரும்பிப் போக வேண்டும் என்பது அவருடைய கட்சி.

கட்சி என்றால் சாதாரணக் கட்சி இல்லை. நல்லையா என்கிற கடைக்காரர் கடை மாற்றும்போது ஒரு பெட்டி நிறையக் குடைகளை வைத்துவிட்டுப் போன வருஷம், பாய் நனைந்துகொண்டேதான் தொழுகைக்குப் போனார். ராமாயி என்ற அம்மாள் மகள் பிரசவத்துக்காக மாண்டலே போனபோது தன் தையல் மிஷினை வைத்துவிட்டு, "சும்மா கெடக்குறதுக்கு அக்காவ தைக்கச் சொல்லுங்க பாய்" என்று வாய் நிறையச் சொன்னாள். பாய் தலையாட்டினார். பாயின் மனைவி ஃபக்ருன்னிசா தன் சட்டையைத் தைக்க எட்டு மாதம் அடுத்த தெருவுக்கு நடந்து போனாள்.

இப்படி முப்பத்தொரு வருஷம். ஒரு பொருள்கூடப் பழுதாகித் திரும்பியதில்லை. பாய்க்கு வயலில்லை, தோட்டமில்லை, பிள்ளைகளும் இல்லை. ரங்கூனில் ஒரு மனிதருக்கு இருக்க வேண்டியவற்றில் அவருக்கு இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அது போனால் சோறும் போய்விடும்.

1999ஆம் வருஷம் மே மாதம் முதல் வாரத்தில் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது.

மஞ்சள் நிறம். இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். கூரை துணி. ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்துக் கப்பலேற்றியது. தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. முட்டி அளவு தண்ணீர் நிற்கும் ஊரில் இப்படியொரு காரை வாங்குவதற்கு ஒரு மனசு வேண்டும், அந்த மனசு கோ பாலசந்தருக்கு இருந்தது. பர்மியில் 'கோ' என்றால் அண்ணன். பக்கத்துப் பேட்டையான தின்கன்ஜூனில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தார். அப்பா தமிழர், அம்மா பர்மாக்காரர், உயரமோ ஆறடிக்கு மேல், அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இரண்டு குடும்பத்துக்கும் தெரியாது. மழைக்காலம் முழுக்க பாங்காக்கில் தன் அக்கா வீட்டில் இருந்துவிட்டு, அக்டோபரில் தடின்ஜு விளக்குத் திருநாளுக்குத் திரும்பி வருவதாகத் திட்டம்.

கிட்டங்கிச் சரிவில் காரின் வயிறு உரசாமல் இருக்க எட்டுப் பலகைகள் போட்டு ஏற்றினார்கள். அதற்கு ஒரு முழுக் காலை ஆயிற்று.

சாவியைக் கொடுக்கும்போது கோ பாலசந்தர் நின்று நிதானமாகச் சொன்னார்: "பாய், வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி கால் மணி நேரம் ஓட விடுங்க. கதவத் தொறந்து வெச்சுக்கங்க, பொக சேரும். முன்னால ரெண்டு மொழம், பின்னால ரெண்டு மொழம் நவுத்தி விடுங்க. டாங்கு நெறைய பெட்ரோல் இருக்கு."

"ஆகட்டும்" என்று தலையாட்டினார் பாய்.

ராமாயிக்கு ஆட்டிய அதே தலை. பொருள் வைக்க வருகிறவர்கள் எல்லாரும் இந்த மாதிரி ஏதாவது சொல்வார்கள். எடுத்துக்கிடுங்க, பொழங்கிக்கிடுங்க, உங்களோடது மாதிரி. நல்ல மனிதர்களின் மரியாதை அது. அதை நம்பி எடுத்துப் பழகுகிறவன் அமானிதக்காரன் இல்லை என்று பாய் உறுதியாக நம்பினார். கோ பாலசந்தர் தெருமுனை திரும்புவதற்குள் காரைச் சுற்றிக் கோடு போட்டாயிற்று, சட்டி வைத்தாயிற்று, தார்ப்பாயும் கட்டியாயிற்று. சாவி அலமாரித் தகர டப்பாவுக்குள் போயிற்று.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஃபக்ருன்னிசா, "அவரு ஓட்டச் சொல்லிட்டுப் போறாரே?" என்றாள்.

"சொல்லுவாங்க புள்ளே. பெருந்தன்மையான ஆளு."

"பெருந்தன்மைக்கு யாராவது மொழக் கணக்குச் சொல்லுவாங்களா?"

"அமானிதம்" என்றார் பாய்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அந்த வீட்டின் வழக்கம். வழக்கத்தை ஏற்படுத்தியவர் பாய்.

மே போயிற்று, ஜூன் போயிற்று. பாய் தினமும் காலையில் கிட்டங்கியைத் திறந்து, சுண்ணாம்பு பொடிந்திருந்தால் மாற்றி, கோடுகளைப் பார்வையிட்டு, பூட்டிக்கொண்டு வருவார். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. காரைச் சுற்றியிருந்த கோடு மட்டும் மற்றக் கோடுகளைவிடக் கொஞ்சம் பளிச்சென்று இருந்தது. மஞ்சளுக்குப் பக்கத்தில் வெள்ளை எடுப்பாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார். ஒரு வெள்ளிக்கிழமை, பஸுண்டாங் ஓடையைத் தாண்டி டவுன் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு பஸ் பிடித்துத் திரும்பியபோது வாசலில் பெட்ரோல் புகை வாடை அடித்தது. "என்ன வாடை?" என்றார். "கரண்டு போயிருச்சு, எவனோ ஜெனரேட்டர் போட்டான்" என்றாள் ஃபக்ருன்னிசா. ரங்கூனில் இதைவிட நம்பகமான பதில் கிடையாது.

ஆகஸ்டில்தான் வினை வந்தது. பேட்டை டாக்ஸிக்காரர் பீர் முகைதீன் டீக்கடையில் பாயின் எதிரே வந்து உட்கார்ந்தார். கார்களைப் பற்றிப் பேசச் சந்தர்ப்பம் கிடைத்தால் சவாரியைக்கூட விட்டுவிடும் மனிதர்.

"அந்த மஞ்சக் கார வாரா வாரம் ஸ்டார்ட் பண்றீங்கள்ல பாய்?"

"எதுக்கு?"

பீர் முகைதீன் டீயைக் கீழே வைத்தார். "எதுக்கா? கார் என்ன மொளகாயா, போத்தி வெச்சா நல்லாருக்கும்னு? மூணு மாசம் அசையாம நின்னா பேட்டரி செத்துரும். டயரு நின்ன எடத்துல தட்டையாயிரும். பிரேக்கு துருப்புடிச்சு ஒட்டிக்கிரும். அப்புறம் நாலு பேரு சேந்து தூக்கித்தான் வெளிய கொண்டாரணும்."

பாய் மனசுக்குள் வெள்ளிக்கிழமைகளை எண்ணினார். பதினாலு ஆகியிருந்தது.

அன்றைக்கே போய்ச் சாவியைப் போட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பயம். சாவியைத் திருப்பி அது செத்துக் கிடக்கிறது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? தொட்டுக் கெடுத்தான் என்ற பேச்சைவிடத் தொடாமல் கெட்டது என்ற பேச்சு கொஞ்சம் தேவலை என்று தோன்றியது. கிட்டங்கிக்குள் போனால் தார்ப்பாய்ப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார். உள்ளே அடக்கம் செய்யாத மையத்து ஒன்று கிடப்பதைப் போல நடமாடினார். விவரம் கேட்ட ஃபக்ருன்னிசாவிடம் வாய்வுக் கோளாறு என்றார். அவளும் ஓமத்தண்ணீர் போட்டுக் கொடுத்தாள்.

செப்டம்பர் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்காவை முன்னால் வைத்தால் பாதியில் கை கழுவிவிடுவார். கோ பாலசந்தரிடம் என்ன சொல்வது என்று ஜும்ஆவுக்குப் போகும் பஸ்ஸில் வாய்க்குள் சொல்லிப் பழகிக்கொண்டார். 'தம்பி, நீங்க சொன்னத நான் மரியாதப் பேச்சுன்னு நெனச்சுட்டேன்.' வெளியே சொன்னால் சிரிப்பார்கள். முப்பத்தொரு வருஷம் கட்டிக் காத்த பேர் ஒரு சிரிப்பில் போய்விடும். கோ பாலசந்தரின் கடைக்கு வராத ஆள் தின்கன்ஜூனில் கிடையாது, ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். அதற்கப்புறம் கிட்டங்கியை மூடிவிடுவது என்று பாய் தீர்மானித்திருந்தார்.

தடின்ஜு வந்தது. மழையும் நின்றது. கோ பாலசந்தர் பாங்காக் சட்டையோடு வந்து இறங்கினார். பீர் முகைதீனுக்கு யார் சொன்னார்களோ, அவர் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டார், காரைத் தூக்குவதற்கு. பலகைகளைப் போட்டார்கள். கயிற்று முடிச்சு பாய்க்கு அவிழவில்லை. ஃபக்ருன்னிசா வந்து ஒரே இழுப்பில் அவிழ்த்தாள்.

தார்ப்பாய் விலகியது. மஞ்சள் அப்படியே இருந்தது. கோ பாலசந்தர் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே விட்டு, உட்காரப் பார்த்தார். முடியவில்லை. முட்டி இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்து, தலை துணிக்கூரையில் முட்டி, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகச் சிக்கிக்கொண்டார்.

"யாரு பாய் சீட்ட இவ்வளவு முன்னால தள்ளி வெச்சது?"

பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. சீட் நகரும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. கோ பாலசந்தர் கீழே கைவிட்டு எதையோ இழுத்தார், சீட் கடகடவென்று பின்னால் போயிற்று, போயிற்று, கடைசிவரை போயிற்று. அது முன்பு இருந்த இடத்தைப் பாய் மறுபடி பார்த்தார். அங்கே உட்கார்ந்து மிதிகட்டையை எட்டக்கூடியவர் நாலே முக்கால் அடிக்கு மேல் இருக்க முடியாது. பாய் மெதுவாகத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அவள் சுண்ணாம்புச் சட்டி ஒன்றை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவி திரும்பியது. முதல் திருப்பிலேயே கார் உறுமியது.

"போன வாரம் ஓட்டுன மாதிரியில்ல இருக்கு!" என்றார் கோ பாலசந்தர். காரை ஒரு முழம் முன்னால் விட்டார், பின்னால் விட்டார். எதுவும் ஒட்டவில்லை, எதுவும் தட்டையாகவில்லை. "பாய்னா பாய்தான். சொன்னபடி ஒரு வாரம் தவறாமப் பாத்துருக்கீங்க."

தூக்க வந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். பீர் முகைதீனுக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றம்.

பாய் பேசாமல் இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். பேர் நிலைத்திருக்கும், இன்னும் ஒரு சுற்று பெருத்தும் இருக்கும். வாயைத் திறக்காமல் ஒரு நல்ல பேரைச் சும்மா வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது தன்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகு அதை எப்படி எடுத்துக்கொள்வது? அவர் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, நான் பாக்கல. நான் தொடவேயில்ல. நீங்க சொன்னத மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன். என்கிட்ட இருந்திருந்தா உங்க காரு செத்துருக்கும். பாத்துக்கிட்டது இவ."

எல்லாரும் ஃபக்ருன்னிசாவைப் பார்த்தார்கள். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இதை இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டுமா என்பதுபோல் புருஷனைப் பார்த்தாள்.

கோ பாலசந்தர் இறங்கி வந்தார். "அக்கா, கிளச்சு கெட்டியா இருக்குமே?"

"கெட்டிதான். முட்டி வலிச்சிச்சு."

"எங்க பழகுனீங்க?"

"வாப்பா தின்கன்ஜூன் லைன்ல பஸ்சு ஓட்டுனாங்க. கலியாணத்துக்கு முந்தி காலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெக்கிறது நாந்தான்." முப்பது வருஷக் குடித்தனத்தில் இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை, அதனால் சொன்னதுமில்லை.

கோ பாலசந்தர் அவளுக்கு நெற்றிக்கு மேல் கைவைத்துப் பெரிய கும்பிடு ஒன்று போட்டார். அடுத்த மே மாதமும் இங்கேதான் வண்டி என்று சொல்லிவிட்டு, பலகைகள் வழியாக மெதுவாக இறங்கிப் போனார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று.

காலியான இடத்தில் கோடு மட்டும் மிஞ்சியது. பாய் அதைக் காலால் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"எத்தன தடவ?"

"இருவத்திநாலு வெள்ளிக்கெழம. நீங்க ஜும்ஆவுக்குப் போனதும் கதவத் தொறந்து வெச்சுட்டு ஓட்டுவேன். அப்புறம் கோடு போட்டுருவேன்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

பாய் நேர்மையாக யோசித்தார். "விட்டிருக்க மாட்டேன்." பிறகு, "நல்ல வேளை சொல்லாம இருந்தே" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய சந்தோஷமாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று அவருக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஃபக்ருன்னிசா அதைக் கண்டுகொள்ளாமல் சட்டிகளை அடுக்கினாள். "அடுத்த வருசம் வந்தா சீட்டுல போட ஒரு தலகாணி வேணும்" என்றாள்.

"ஏன், குத்துதா?"

"குத்தல. எனக்கு முன்னாலயும் ஒண்ணும் தெரியாது, பின்னாலயும் ஒண்ணும் தெரியாது. ஒரு குத்துமதிப்பாத்தான் விட்டுக்கிட்டிருந்தேன்."

பாய் சுவரைப் பார்த்தார். கோட்டிலிருந்து சுவர் இரண்டரை முழம்கூட இருக்காது. அப்படியே மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளிக்கெழம வேணாம்" என்றார் கடைசியில். "வியாழக்கெழமைல வெச்சுக்க. நான் முன்னால நின்னு சொல்றேன்."